ஓதிக் கற்கும் எழுத்து: லண்டனில் குடியேறியோர் பிள்ளைகளும் வழிபாட்டு வகுப்புகளும்

“தோடுடைய செவியன்” என்று ராகத்தோடு பாடும் ஏழு வயதுக் குழந்தையிடம் ‘தோடு’ என்ற சொல்லை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதிக் காட்டினால் அது விழிக்கலாம். லண்டனில் பிறந்து, வீட்டில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் கேட்டு வளரும் பிள்ளை அது. பாட்டு முழுக்க மனப்பாடம். எழுத்து இன்னும் வசப்படவில்லை. “கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறது, வேறென்ன” என்று கடந்து போகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று கொஞ்சம் நின்று பார்த்தால், விஷயம் அவ்வளவு சுலபமாக ஒதுக்கக்கூடியதல்ல என்பது தெரியும்.

சம்பந்தரின் அந்த முதல் பாட்டை நான்கு வரியாக அச்சிட்டு முன்னால் வையுங்கள். வரிகளின் தொடக்கம் இப்படி இருக்கும்: தோடுடைய, காடுடைய, ஏடுடைய, பீடுடைய. முதல் ஒலி மட்டும் மாறுகிறது. பின்னால் வருவது அப்படியே நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘கேட், ஹேட், மேட்’ என்று அட்டை காட்டிச் சொல்லிக்கொடுப்பதும் இதே வேலைதான். ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பிக்கும் ‘ஃபோனிக்ஸ்’ முறைதான் இன்று இங்கிலாந்துப் பள்ளிகளில் வாசிப்புக்கு அடித்தளம். 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதற்கென்றே ஒரு சோதனையும் நடத்துகிறார்கள். ஒலி ஒத்துவரும் சொற்களைக் காதால் இனம்பிரிக்கத் தெரிந்த குழந்தைகள் பின்னாளில் வாசிப்பிலும் முன்னேறுகிறார்கள் என்று ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயன்ட்டும் 1983இல் ஆய்வின் வழியே காட்டினார்கள். நம்மூர் எதுகைக்கு அவர்கள் தந்த சான்றிதழ் என்றுகூட இதைச் சொல்லலாம்.

சம்பந்தர் பாடம் நடத்துவதற்காகப் பாடவில்லை. மூன்று வயதில், சீர்காழிக் குளக்கரையில், அழுத பிள்ளைக்கு அம்மை பால் ஊட்டியபோது பிறந்த பாட்டு என்பது மரபு. ஆனால் நாக்கில் நிற்க வேண்டிய பாட்டுக்கு எதுகை வேண்டும். அதே எதுகை, தாளில் ஏறியதும், எழுத்துக்குப் போகும் படிக்கட்டாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தின் ஓரமாக நடக்கும் ஒரு தேவார வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் மடியில் ஒரு தாள். குரல் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. விரல் இன்னும் முதல் வரியிலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அம்மம்மா அந்த விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைக்கிறார். “ஆறுதலாப் பாடு குஞ்சு. நீ சொல்லுற இடத்திலதான் விரல் நிக்கோணும்.” மறுபடியும் தொடங்குகிறது. இந்த முறை ‘விடையேறி’ என்ற இடத்தில் விரல் தானாக நிற்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ‘வினா, விடை’ என்று பார்த்த சொல் அல்லவா? “அம்மம்மா, விடை எண்டா ஆன்சர் தானே?” “இது வேற விடை, செல்லம். மாடு. நந்தி.”

இந்த அரை நிமிடத்தில் நடந்ததைக் கவனியுங்கள். ஒலிக்கும் எழுத்துக்கும் முடிச்சு விழுந்தது. ஒரே வடிவம் இரண்டு சொல்லாக இருக்கலாம் என்பது பிள்ளைக்குத் தெரிந்தது. ஒரு கேள்வி எழுந்தது, பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார். பள்ளிக்கூடம் எழுத்தில் தொடங்கி, சொல்லுக்குப் போய், கடைசியில் முழுப் பாடலுக்கு வருகிறது. இங்கே முழுப் பாடல் முதலில் உடம்பில் ஏறிவிடுகிறது. அப்புறம்தான் பிள்ளை அதற்குள் எழுத்தைத் தேடுகிறது. பாதை தலைகீழ், ஆனால் பாதைதான்.

லண்டனில் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில், ஈவ் கிரெகரி தலைமையில், 2009 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆய்வு அது. நான்கு சமூகங்களின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள்: வங்கதேச முஸ்லிம்கள், போலந்துக் கத்தோலிக்கர்கள், கானாவிலிருந்து வந்த பெந்தெகொஸ்தே கிறிஸ்தவர்கள், தமிழ் இந்துக்கள். வழிபாட்டு இடங்களிலும் வீடுகளிலும் இந்தப் பிள்ளைகள் எதை, எப்படி, யாரிடம் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பள்ளிக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல், வாரம்தோறும் பல மணி நேரம் நடக்கும் இந்தக் கல்வியை ஒரு பல்கலைக்கழகம் உட்கார்ந்து பார்த்தது என்பதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஓதுவதும் படிப்பதும்

ஆங்கிலத்தில் இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே ஒரு சிக்கல் வருகிறது. பொருள் தெரியாமல் வாசிப்பதை வாசிப்பு என்று சொல்லலாமா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. நமக்கு ‘ஓது’ என்ற சொல் இருக்கிறது. திருமுறையை ஓதுவார் ஓதுகிறார். தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை மதரசாவுக்குக் கிளம்பும்போது “ஓதப் போறேன்” என்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது “படிக்கப் போறேன்” என்கிறது. இரண்டும் வேறு வேலை என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். “ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்” என்று உலகநீதி தொடங்கும்போது அதில் வாயும் காதும் நினைவும் எழுத்தும் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன.

ஓதுதல் என்பது அரைகுறைப் படிப்பு அல்ல. அதற்கென்று தனித் திறமைகள் உண்டு. கிழக்கு லண்டனில் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த வங்கதேசக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று மாலையில் பள்ளிவாசல் வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். கையில் ‘காயிதா’ என்ற அரபு அரிச்சுவடி. ‘பா, தா, ஸா’ மூன்றுக்கும் படகு போல ஒரே வடிவம். கீழே ஒரு புள்ளி வைத்தால் ‘பா’, மேலே இரண்டு வைத்தால் ‘தா’, மூன்று வைத்தால் ‘ஸா’. ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் ஒரு மாதிரி. மேலும் கீழும் இடும் சிறு கோடுகளில்தான் உயிரொலி. கண் வலமிருந்து இடம் போக வேண்டும். அன்று காலையில்தான் அதே கண் பள்ளியில் இடமிருந்து வலம் போய்ப் பழகியிருக்கும். தொண்டையிலிருந்து வரும் ஒலியைத் தொண்டையிலிருந்தே எடுக்க வேண்டும். நுனிநாக்கில் சொல்லிச் சமாளிக்க முடியாது. ஓர் ஒலி பிசகினால் ஆசிரியரான உஸ்தாத் நிறுத்துவார், மறுபடி அதே வரி.

அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பேசுவது சில்ஹெட்டி. பெற்றோர் எழுத்து மொழியாக மதிப்பது வங்காளம். ஓதுவது அரபு. பள்ளியில் ஆங்கிலம். நான்கு மொழி, மூன்று எழுத்து. இதையெல்லாம் சுமக்கும் பிள்ளையைப் பற்றித்தான் பல காலம் பள்ளிகளில் “வீட்டில் வாசிக்கும் பழக்கமே இல்லை” என்று முடிவு கட்டினார்கள். கதைப்புத்தகம் இல்லாத வீடு என்றால் எழுத்தே இல்லாத வீடு என்று எடுத்துக்கொண்டார்கள். அலமாரியின் உயரமான தட்டில், துணியில் சுற்றி, கை கழுவாமல் தொடக் கூடாது என்ற மரியாதையோடு ஒரு புத்தகம் இருந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, ஓதுவதால் பிள்ளையின் அறிவு வளர்கிறதா? இதற்கு நேர்மையான பதில் லைபீரியாவிலிருந்து வந்தது. அங்கே வாய் என்ற இன மக்களிடம் மூன்று எழுத்தறிவு இருந்தது. அவர்களே 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய வாய் எழுத்தை வீட்டிலும் நண்பர்களிடமும் கற்றார்கள். அரபை ஓதும் பள்ளியில் கற்றார்கள். ஆங்கிலத்தை அரசுப் பள்ளியில் கற்றார்கள். சிலருக்கு ஒன்று மட்டும், சிலருக்கு இரண்டு, மூன்று. உளவியலாளர்கள் சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் இவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடத்தி 1981இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எழுத்துத் தெரிந்தாலே பொதுவாக அறிவு கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தறிவும் தான் பழகிய வேலையில்தான் ஆளைத் தேர்ந்தவராக்கியது. வாய் எழுத்தில் கடிதம் எழுதுகிறவர்கள், எதிரே இல்லாத ஒருவருக்கு ஒரு விளையாட்டை விளக்கிச் சொல்வதில் கெட்டி. பள்ளிக்குப் போனவர்கள், தாங்கள் செய்ததற்குக் காரணம் சொல்வதில் கெட்டி. குர்ஆன் ஓதிப் பழகியவர்கள், ஒரு பட்டியலை ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கொண்டே போய் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வதில் கெட்டி.

இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஓதுவதால் எல்லாம் வந்துவிடும் என்று பெருமை பேசவும் இது இடம் தரவில்லை. ஓதுவது வீண் என்று தள்ளவும் இடம் தரவில்லை. ஓதினால் எது வரும் என்று அளந்து சொல்கிறது.

வேதத்தின் எழுத்தும் வீட்டின் பேச்சும்

நான்கு சமூகங்களையும் ‘மதம் வழியே எழுத்தறிவு’ என்று ஒரே கூடையில் போடுவதில் ஒரு தவறு நேர்கிறது. ஓதும் மொழியும் வீட்டு மொழியும் ஒன்றா, வேறா என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

போலந்துப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்று. எட்டு வயதை ஒட்டி வரும் முதல் நற்கருணைக்காக அது ஜெபங்களைப் போலிஷ் மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ‘எங்கள் தந்தையே’ என்ற ஜெபத்தின் முதல் இரண்டு சொற்களை அவர்கள் ‘ஓய்ச்சே நாஷ்’ என்கிறார்கள். அதில் ‘ய்’ ஒலிக்கு அவர்கள் எழுதுவது ஆங்கிலத்தின் ‘ஜே’ என்ற எழுத்தை. ‘ச்’ ஒலிக்கு ‘சி’யும் ‘இசட்’டும் சேர்த்து, ‘ஷ்’ ஒலிக்கு ‘எஸ்’ஸும் ‘இசட்’டும் சேர்த்து. வெள்ளிக்கிழமை வரை பள்ளியில் ஒரு ஒலி தந்த எழுத்து, ஞாயிற்றுக்கிழமை வேறு ஒலி தருகிறது. ஆயிரம் முறை சொல்லிப் பழகிய ஜெபம் என்பதால் பிள்ளைக்கு இதில் குழப்பம் வருவதில்லை. ஒலி முன்பே தெரியும், எழுத்து அதற்கு வழிவிடுகிறது. இரண்டே சொல்லில் போலிஷ் எழுத்துமுறையின் பாதி உள்ளே வந்துவிடுகிறது. அந்த எழுத்தை வைத்து அது வார்சாவில் இருக்கும் பாட்டிக்குக் கடிதமும் எழுதலாம்.

வங்கதேசப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அரபு எழுத்து அதை சில்ஹெட்டிக்கும் கொண்டுபோகாது, வங்காளத்துக்கும் கொண்டுபோகாது. ஒரு காலத்தில் இதற்குப் பாலங்கள் இருந்தன. யூதக் குழந்தைகள் ஹீப்ரு எழுத்தைத் தோராவுக்காகக் கற்றார்கள். அதே எழுத்தில்தான் அவர்களுடைய வீட்டு மொழியான இத்திஷ் அச்சாகியது. எனவே வேதத்துக்குக் கற்ற எழுத்து செய்தித்தாள் படிக்கவும் உதவியது. தமிழ் முஸ்லிம்களிடம் அரபுத் தமிழ் இருந்தது: தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. குர்ஆன் ஓத மட்டுமே எழுத்துக் கற்ற எத்தனையோ பெண்கள், தமிழ் எழுத்து தெரியாமலே, அந்த வழியில் தமிழ் நூல்களைப் படித்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் போகாத காலத்தில் அது எவ்வளவு பெரிய கதவு! அப்படியொரு பாலம் இல்லாத இடத்தில், ஓதுதல் நல்ல நினைவாற்றலையும் துல்லியமான உச்சரிப்பையும் தரும். வீட்டு மொழியில் எழுதப் படிக்க அது வழிகாட்டாது. அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எழுத்து சொந்த எழுத்துதான். ஆனால் தேவாரத்தின் தமிழ் ஏழாம் நூற்றாண்டுத் தமிழ். தோடு தெரியும், அம்மாவின் காதில் இருக்கிறது. காடு தெரியும். ‘ஏடு’ என்றால் இங்கே பூவின் இதழ் என்று யாராவது சொல்ல வேண்டும். ‘பீடு’ என்றால் பெருமை என்பது யாருக்கும் சட்டென்று வராது. எழுத்து தெரிந்த பிள்ளைக்கும் ஓதுவதற்கும் விளங்குவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பேச ஓர் ஆள் வேண்டும். அம்மம்மாவோ, வகுப்பு எடுக்கும் அன்ரியோ, யாரோ. ஆள் இருந்தால் அங்கேதான் உண்மையான கல்வி நடக்கிறது. ஆள் இல்லாவிட்டால் பாட்டு பாட்டாகவே நின்றுவிடும்.

கானாப் பிள்ளைகளின் ஆலயங்களில் ஆங்கிலமும் அக்கான் மொழியும் கலந்து வருகின்றன. அங்கே நம் கிறிஸ்தவர்கள் ‘மனப்பாட வசனம்’ என்று சொல்வதைப் போலவே வாரம் ஒரு வசனம். சபை முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும்; எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்பதையும் சேர்த்து. “யோவான் 3:16” என்றதும் தடித்த பைபிளில் அந்த இடத்தைச் சட்டென்று புரட்டி எடுக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு, பின்னாளில் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்துக்குள் வேண்டியதைத் தேடுவது பயமாக இருக்காது.

வினா விடையின் பயணம்

தமிழ்ப் பிள்ளைகள் கோயில் வகுப்பில் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையையும் படிக்கிறார்கள். “உலகத்துக்குக் கருத்தா யாவர்?” என்பது முதல் கேள்வி. “சிவபெருமான்” என்பது விடை. அடுத்து, “சிவபெருமான் எப்படிப்பட்டவர்?” “என்றும் உள்ளவர், எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிபவர், எல்லாம் வல்லவர்.” நான்கு சிறு தொடர், ஒவ்வொன்றும் ‘அவர்’ என்று முடிகிறது. புதிதாக வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இதைவிட இதமான வாக்கியம் கிடைப்பது கஷ்டம்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? 1816இல் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள், பள்ளிகள் திறந்தார்கள், வேத போதனையை வினாவும் விடையுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1822இல் நல்லூரில் பிறந்த நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர். அங்கே கண்ட கற்பிக்கும் முறையின் வலிமை அவருக்குத் தெரிந்திருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அந்த முறையைச் சைவத்துக்குக் கொண்டுவந்தார். அச்சகம் வைத்து, பாலபாடங்களும் வினாவிடையும் அச்சிட்டார். சமயம் கற்பதும் எழுத்துக் கற்பதும் அவருக்கு இரண்டு வேலை அல்ல.

1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களோடு அந்தச் சிறு நூலும் லண்டன் வந்தது. இப்போது ஒரே ஞாயிறு, ஒரே நகரம்: போலந்துப் பிள்ளை தன் ஆலயத்தில் வினாவும் விடையுமாக ஒப்பிக்கிறது, தமிழ்ப் பிள்ளை தன் கோயிலில் வினாவும் விடையுமாக ஒப்பிக்கிறது. திங்கட்கிழமை இருவரும் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். தாங்கள் செய்வது ஒரே குடும்பத்து முறை என்பது அவர்களுக்கும் தெரியாது, அவர்களுடைய ஆசிரியருக்கும் தெரியாது.

குடியேறியவர்கள் எழுத்தையும் வழிபாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு போவது புதிதல்ல. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பியூரிட்டன்கள் மாசசூசெட்ஸில் 1647இலேயே சட்டம் போட்டார்கள்: 50 குடும்பம் உள்ள ஊர், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவரை வைக்க வேண்டும். வேதத்தை மக்கள் படிக்காமல் தடுப்பது சாத்தானின் சூழ்ச்சி என்பது அந்தச் சட்டம் சொன்ன காரணம்.

லண்டன் பிரிக் லேனில் இருக்கும் ஒரு கட்டடம் இந்த வரலாற்றை அப்படியே தாங்கி நிற்கிறது. பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனோ என்ற புராட்டஸ்டன்ட் மக்கள் 1743இல் தேவாலயமாகக் கட்டியது. 1819இல் மெதடிஸ்டுகள் கைக்கு வந்தது. 1898இல், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் ஜெபக்கூடமானது. 1976இல் வங்கதேச முஸ்லிம்களின் பள்ளிவாசலானது. பிரெஞ்சு, ஆங்கிலம், ஹீப்ரு, அரபு என்று நான்கு மொழி வேதங்களை அதே சுவர்கள் கேட்டிருக்கின்றன.

யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எதற்காக

முதல் எழுத்து எழுதும் நாளைப் பல சமூகங்கள் சடங்காக்கி வைத்திருப்பது தற்செயல் அல்ல. விஜயதசமியன்று கோயிலில் ஐயரின் மடியிலோ அப்பாவின் மடியிலோ பிள்ளையை இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிறோம். யாழ்ப்பாணத்தார் இதை ஏடு தொடக்குதல் என்கிறார்கள். தெற்காசிய முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைக்கு 4 வயது 4 மாதம் 4 நாள் ஆனதும் ‘பிஸ்மில்லா’ சொல்லித் தொடங்கும் வழக்கம் உண்டு. இடைக்கால ஜெர்மனி யூதர்கள், எழுத்துப் பலகையில் தேன் தடவிப் பிள்ளையை நக்கச் சொன்னார்கள். எழுத்து இனிக்க வேண்டும் என்பதற்காக. மடி, அரிசி, தேன். பிள்ளைக்கு எழுத்து அறிமுகமாகும்போதே அது தனக்கு வேண்டியவர்கள் மதிக்கும் ஒன்று என்பது சேர்ந்தே அறிமுகமாகிறது.

வழிபாட்டு வகுப்பின் பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பள்ளியில் பிள்ளை வாசிப்பது, வாசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. கோயிலில் பிள்ளை பாடாவிட்டால் பாட்டு அங்கே ஒலிக்காது. பூசை முடிவில் பஞ்சபுராணம் என்ற ஐந்து திருமுறைப் பாடல்களை ஓதும் நேரம் வருகிறது. இன்று திருப்பல்லாண்டு உன் முறை என்று ஒருவர் சொல்கிறார். ஒலிவாங்கி கைக்கு வருகிறது. கூட்டம் கைகூப்பி நிற்கிறது. எட்டு வயதில் அவ்வளவு பேர் தன் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருப்பதை அனுபவித்த பிள்ளை, முந்தின இரவு அந்தத் தாளைப் பத்துத் தடவை பார்த்திருக்கும். யாரும் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

வீட்டில் அக்கா, அண்ணன் செய்யும் வேலை இன்னொன்று. கிரெகரி 1990களில் கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் வங்கதேசக் குடும்பங்களைக் கவனித்தபோது, அக்காமார் தம்பி தங்கைகளை வைத்துப் ‘பள்ளிக்கூடம்’ விளையாடுவதைக் கண்டார். கையில் ஆங்கிலக் கதைப்புத்தகம். கற்பிக்கும் முறை பள்ளிவாசல் வகுப்பினுடையது. அக்கா ஒரு சொல்லைச் சொல்வார், சின்னது அப்படியே திருப்பிச் சொல்லும். சில நாளில் இரண்டு குரலும் ஒன்றாகப் போகும். அப்புறம் சின்னது முன்னால் போய்விடும். தட்டும் இடத்தில் மட்டும் அக்கா சொல் எடுத்துக்கொடுப்பார். கடைசியில் சின்னது தனியாக வாசிக்கும். ஓதும் வகுப்பில் கற்ற ஒழுங்கை எடுத்து ஆங்கிலத்துக்குப் பூட்டிவிட்டார்கள் இந்தச் சிறுமிகள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கோ இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. பள்ளி முடிந்து களைத்து வந்த பிள்ளையை மறுபடி இரண்டு மணி நேரம் உட்காரவைக்கும் வகுப்புகள் உண்டு. பக்தி நிறைய இருந்தும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி இல்லாதவர்கள் வகுப்பெடுக்கும் இடங்கள் உண்டு. “பொருள் கேட்காதே, முதலில் பாடமாக்கு” என்று கேள்வியை அடக்கினால் பிள்ளை பதின்மூன்று வயதில் விலகிப் போகும். அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. பயத்தில் ஓதப் பழகிய பிள்ளைக்கு எழுத்தும் பயத்தோடுதான் ஒட்டிக்கொள்ளும். ஓதுதல் முதல் பாதி. கேட்பதற்கு இடம் கொடுப்பது இரண்டாவது பாதி. இரண்டாவது பாதி இல்லாத வகுப்பு எவ்வளவு பழமையான மரபைச் சேர்ந்ததாக இருந்தாலும் பிள்ளைக்கு அநீதி செய்கிறது.

ரோமன் வரி

தமிழ் வகுப்புகளுக்கு இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. தமிழ் எழுத்து தெரியாத பிள்ளையும் கூடப் பாட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுக்கிறார்கள். திரையிலும் அப்படியே வருகிறது. பிள்ளைகள் உற்சாகமாகப் பாடுகிறார்கள், உண்மைதான். ஆனால் ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. ந, ன, ண மூன்றும் ஒன்று. குறிலா நெடிலா என்பது ஊகம்.

இதிலும் ஒரு பழைய கதை இருக்கிறது. தமிழ் முதன்முதலில் அச்சேறியதே ரோமன் எழுத்தில்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ என்ற சிறு நூல். போர்த்துக்கீசியத்தோடு தமிழையும் ரோமன் எழுத்தில் தந்த ஜெபப் புத்தகம். போர்த்துக்கீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அரிச்சுவடி என்று பொருள். 24 ஆண்டுகள் கழித்து, 1578இல் கொல்லத்தில், ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். தமிழருக்குத் தமிழ் எழுத்தில் கொடுத்தால்தான் போய்ச் சேரும் என்று, கடல் கடந்து வந்த ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இப்போது நல்ல வகுப்புகளில் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாளை மூன்று பகுதியாக அச்சிடுகிறார்கள்: மேலே தமிழ், நடுவில் ரோமன், கீழே பொருள். தொடக்கத்தில் பிள்ளையின் கண் நடு வரியிலேயே நிற்கும். சில மாதம் போகட்டும் என்று விடுகிறார்கள். பாட்டு முழுக்க வாயில் நின்ற பிறகு ஒரு நாள், பக்கத்தில் இருக்கும் அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் உள்ளங்கையை அந்த நடு வரி மேல் வைக்கிறார். பிள்ளை நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறது. பிறகு கண் மேலே ஏறுகிறது. விரல் முதல் எழுத்துக்கு வருகிறது. கொம்பு, த, கால்.

“தோ...”